குழாயில் ஓடும் தண்ணீரின் உராய்வைக் குறைக்கும் இயற்கைப் பொருட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேகமாக ஓடும் தண்ணீரில் கொஞ்சம் வெண்டைக்காய்ப் பசையோ கொத்தவரை விதைப் பொடியோ கலந்தால் குழாய்க்குள் உராய்வு குறையும், அதே மோட்டாரில் கூடுதல் தண்ணீர் வரும். கேட்டவுடன் நம்ப முடியாது. ஆனால் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வுக்கூடங்களில் அளந்து உறுதி செய்த விஷயம் இது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை: தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பவர்கள், அறிவியல் கண்காட்சிக்கோ கல்லூரி ப்ராஜெக்டுக்கோ தலைப்பு தேடும் மாணவர்கள். இரு தரப்பும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. சில பதில்கள் நீளம், சில ஒரே பத்தி.

குழாயில் உராய்வு எங்கிருந்து வருகிறது? உள்பக்கம் வழுவழுப்பாகத்தானே இருக்கிறது?

பிவிசி குழாயின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தாலும் உராய்வு இருக்கும். குழாய்ச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீர் நகர்வதே இல்லை, நடுவில் இருக்கும் தண்ணீர் வேகமாகப் போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கிற இழுபறிதான் உராய்வு.

மெதுவாக ஓடும்போது தண்ணீர் அடுக்கடுக்காக, ஒழுங்காகப் போகும். பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் வரிச்சீர் ஓட்டம் என்று படித்தது இதுதான். வேகம் கூடினால் அந்த ஒழுங்கு குலைந்து சுழற்சி ஓட்டமாகிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883இல் மான்செஸ்டரில் ஒரு கண்ணாடிக் குழாயில் சாயத்தை மெல்லிய இழையாக விட்டு இந்த மாற்றத்தைக் காட்டினார். குறிப்பிட்ட வேகம் வரை சாயம் நேர்கோடாகப் போனது. அதைத் தாண்டியதும் சிதறிக் கலந்தது. வேகம், குழாயின் விட்டம், தண்ணீரின் கெட்டித்தன்மை மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும், அவர் பெயரில் உள்ள ரெனால்டு எண் சுமார் 2,300க்குக் கீழே இருந்தால் வரிச்சீர் ஓட்டம், 4,000க்கு மேலே போனால் பெரும்பாலும் சுழற்சி ஓட்டம்.

நம்முடைய தோட்டத்துக் குழாய் எதுவும் வரிச்சீர் ஓட்டத்தில் இருப்பதில்லை. 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் நொடிக்கு 3 லிட்டர் போனால் ரெனால்டு எண் ஒரு லட்சத்தை நெருங்கும். உள்ளே முழுக்கச் சுழல்கள். சுவருக்குப் பக்கத்தில் பிறக்கும் சின்னச் சின்னச் சுழல்கள் மெதுவான தண்ணீரை அள்ளி நடுவே வீசுகின்றன, நடுவில் இருக்கும் வேகமான தண்ணீரை இழுத்து வந்து சுவரில் மோத விடுகின்றன. மோட்டார் தரும் ஆற்றலில் ஒரு பகுதி தண்ணீரை முன்னே தள்ளாமல் இந்தச் சுழல்களைச் சுற்றுவதிலேயே போய்விடுகிறது.

அப்படியென்றால் பசை கலந்தால் எப்படிக் குறையும்? தண்ணீர் கெட்டியானால் உராய்வு கூடத்தானே வேண்டும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

கலப்பது மிக மிகக் கொஞ்சம். ஆயிரம் லிட்டருக்கு 50 கிராம், 100 கிராம் என்ற கணக்கு. அந்த அளவில் தண்ணீர் கெட்டியாவது பெரிதாகத் தெரியாது. ஆனால் பசைக்குள் இருப்பவை மிக நீளமான மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான சர்க்கரை அலகுகள் வரிசையாகக் கோத்த சங்கிலி. சும்மா நிற்கும் தண்ணீரில் அது நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். சுவருக்குப் பக்கத்தில் சுழல்கள் பிறக்கிற இடத்தில் தண்ணீர் கடுமையாக இழுபடுகிறது. அந்த இழுப்பில் சங்கிலியும் சேர்ந்து இழுபட்டு விரிகிறது. விரிந்த சங்கிலி மேலும் இழுபடுவதை எதிர்க்கும். அந்த எதிர்ப்பால் சுழல் வலுவிழக்கிறது, சுவரிலிருந்து தண்ணீரை அள்ளி வீசும் வேலை மந்தமாகிறது. சுழலுக்குப் போக வேண்டிய ஆற்றல் மிஞ்சுகிறது, அந்த மிச்சம் ஓட்டத்துக்குக் கிடைக்கிறது.

இரண்டு விஷயங்கள் இதிலிருந்தே விளங்கும். ஒன்று, வரிச்சீர் ஓட்டத்தில் இது வேலை செய்யாது. அங்கே அடக்குவதற்குச் சுழல் இல்லை, பசை வெறும் சுமைதான். இரண்டு, சுழற்சி ஓட்டமாகவே இருந்தாலும் சுவரில் இழுப்பு ஓர் அளவைத் தாண்டினால்தான் சங்கிலி விரியும். அதுவரை ஒரு பலனும் தெரியாது.

இதை யார் கண்டுபிடித்தது?

பி. ஏ. டாம்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர். அவர் பயன்படுத்தியது இயற்கைப் பொருள் அல்ல. பாலிமீதைல் மெத்தாக்ரிலேட் என்ற பிளாஸ்டிக்கை மோனோகுளோரோபென்சீன் என்ற கரைப்பானில் கொஞ்சமாகக் கரைத்துக் குழாயில் ஓட்டிப் பார்த்தார். வெறும் கரைப்பானைவிடக் கரைசல் சுலபமாக ஓடியது. 1948இல் நெதர்லாந்தில் நடந்த முதல் சர்வதேச ரியாலஜி (பொருட்கள் ஓடும் விதத்தைப் பற்றிய அறிவியல்) மாநாட்டில் இதை அறிவித்தார். டாம்ஸ் விளைவு என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது.

பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பி. எஸ். விர்க் இதற்கு ஓர் உச்சவரம்பு இருப்பதைக் காட்டினார். எந்தப் பாலிமரை (இப்படி நீளச் சங்கிலி மூலக்கூறு உள்ள பொருளை) எவ்வளவு கலந்தாலும் உராய்வு அந்த வரம்புக்குக் கீழே போகாது. ரெனால்டு எண் ஒரு லட்சம் உள்ள குழாயில் அந்த வரம்பு ஏறக்குறைய 80 சதவீதக் குறைப்பு. பத்தாயிரம் என்றால் 65 சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

எந்தெந்த இயற்கைப் பொருட்கள் வேலை செய்கின்றன?

முதலிடம் குவார் கம். கொத்தவரை விதையின் உள்பருப்பை அரைத்து எடுக்கும் பொடி. தெற்கே நாம் சீனியவரை என்று பொரியல் வைக்கும் அதே செடிதான். ஆனால் பிஞ்சுக் காயில் இந்தப் பசை கிடைக்காது, முற்றிய விதை வேண்டும். உலகத்துக்கே பெரும்பகுதி குவாரை இந்தியா தருகிறது. அதிலும் ராஜஸ்தான்தான் முன்னணி. இதன் மூலக்கூறு எடை பத்து லட்சத்துக்கு மேல் போகும், கிளைகள் குட்டையானவை, முதுகெலும்பு, அதாவது நடுச்சங்கிலி, நீளமானது. உராய்வைக் குறைக்க இந்த அமைப்புத்தான் வேண்டும். ஐஐடி காரக்பூரில் ஆர். பி. சிங் குழுவினர் குவாரின் முதுகெலும்பில் பாலிஅக்ரிலமைடு என்ற செயற்கைப் பாலிமரின் கிளைகளை ஒட்டவைத்து, சீக்கிரம் அறுந்துபோகாத, கிருமி எளிதில் தின்னாத வகைகளைச் செய்து பார்த்தார்கள். இந்தத் துறையில் நம் நாட்டில் நடந்த முக்கியமான வேலைகளில் இது ஒன்று.

அடுத்தது சாந்தன் கம். முட்டைக்கோஸ் இனச் செடிகளில் கருப்பு அழுகல் நோயைத் தரும் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து எடுப்பது. குவாரைவிட விறைப்பான சங்கிலி, உப்புத் தண்ணீரிலும் சுருங்காமல் நிற்கும். கடல்நீரை வைத்துச் சோதனை செய்ய நினைப்பவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும்.

வீட்டுச் சரக்குகளில் வெண்டைக்காய், சோற்றுக்கற்றாழை, வெந்தயம், இசப்கோல், செம்பருத்தி இலை எல்லாம் உண்டு. தலைக்குத் தேய்க்கச் செம்பருத்தி இலையைக் கசக்கித் தாளி எடுப்பார்களே, விரலில் நூல் நூலாக இழுபடும். நீளச் சங்கிலி இருப்பதற்கு அதுவே அடையாளம். மலேசியாவின் பகாங் பல்கலைக்கழகத்தில் வெண்டைக்காய் போன்ற தாவரப் பசைகளை வைத்துக் குழாய்ச் சோதனைகள் நடந்திருக்கின்றன. புளியங்கொட்டைப் பொடியும் இந்தப் பட்டியலில் வரும். நெசவில் நூலுக்குக் கஞ்சி போடப் பயன்படுவது. பச்சைத் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொதிக்க வைக்க வேண்டும்.

வேலை செய்யாததையும் சொல்ல வேண்டும். கருவேல மரப் பிசினும் ஒட்டும், அதனால் அதுவும் உதவும் என்று பலர் நினைக்கிறார்கள். கருவேல இனத்திலிருந்து வரும் அரபிக் கோந்தின் மூலக்கூறு கிளை விட்டுக் கிளை விட்டு உருண்டையாக இருக்கும், நீளமாக விரியாது. ஒட்டுகிற எல்லாமே உராய்வைக் குறைக்காது. இரண்டு விரலுக்கு நடுவே நூலாக இழுபடுகிறதா என்று பாருங்கள், ஒட்டுகிறதா என்று பார்க்காதீர்கள்.

நம்ம ஊர் ரப்பர் பாலைக் கலந்தால் என்ன?

குலசேகரம், அருமனை பக்கத்து மாணவர்கள் ஆர்வமாகக் கேட்பது. ரப்பரின் மூலக்கூறும் நீளமான சங்கிலிதான், எடை பத்து லட்சம் அளவுக்கு வரும். ஆனால் மரத்தில் வெட்டி எடுக்கும் பாலில் அந்தச் சங்கிலிகள் தண்ணீரில் கரைந்து கிடக்கவில்லை. நுண்ணிய உருண்டைகளுக்குள் கூட்டமாக அடைந்து மிதக்கின்றன. தண்ணீரில் எவ்வளவு கலந்தாலும் உருண்டை உருண்டையாகவே இருக்கும், சங்கிலி விரியாது. போதாததற்குக் குழாயில் படிந்து ஒட்டுப்பாலாகி அடைத்துக்கொள்ளும். தண்ணீருக்கு ரப்பர் பால் வேண்டவே வேண்டாம்.

எண்ணெய் என்றால் கதை வேறு. ரப்பர் ஹைட்ரோகார்பன் கரைப்பான்களில் கரையும், அங்கே சங்கிலி விரியும். இயற்கை ரப்பர் கரைசலில் உராய்வு குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முழுதாகக் கரையாமல் ஒரு பகுதி ஜெல்லாக நின்றுவிடுவதும், காற்றுப் பட்டுச் சங்கிலி அறுவதும் இதில் உள்ள தொல்லைகள். இந்தச் சோதனையைப் பள்ளியில் செய்யக் கூடாது. கரைப்பான் ஆவி தீப்பிடிக்கும்.

குவாரோ வெண்டைக்காயோ எண்ணெயில் கரையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். தண்ணீருக்குத் தண்ணீரில் கரைவது, எண்ணெய்க்கு எண்ணெயில் கரைவது.

என் தோட்டத்து மோட்டார் லைனில் கலந்தால் மின்சாரம் மிச்சமாகுமா?

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஒரு குழாய்: உள்விட்டம் 50 மில்லிமீட்டர், நீளம் 100 மீட்டர், நொடிக்கு 3 லிட்டர். வழுவழுப்பான குழாயில் உராய்வால் ஏற்படும் இழப்பு சுமார் 4.3 மீட்டர். அதாவது தண்ணீரைக் கூடுதலாக 4.3 மீட்டர் உயரம் தூக்குவதற்குச் சமமான வேலை.

குவார் கலந்து உராய்வை 30 சதவீதம் குறைத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 1.3 மீட்டர். இதை மின்சாரமாக மாற்றினால், பம்பின் திறன் 50 சதவீதம் என்று எடுத்தால், 76 வாட். ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டில் பதின்மூன்றில் ஒரு பங்கு.

அந்த ஒரு மணி நேரத்தில் 10,800 லிட்டர் போயிருக்கும். ஆயிரம் லிட்டருக்கு 100 கிராம் வீதம் ஒரு கிலோவுக்கு மேல் குவார் பொடி செலவாகியிருக்கும். ஒரு கிலோ பொடி கொடுத்து முக்கால்வாசி யூனிட் கூட இல்லை, ஒரு யூனிட்டின் சிறு துண்டுதான் திரும்ப வருகிறது. தண்ணீர் வாழை மூட்டில் பாய்ந்ததும் பொடியும் மண்ணோடு போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. இந்த விலைக்கு இது கட்டவே கட்டாது. விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசமாக இருக்கும் நம் மாநிலத்தில் விவசாயிக்குப் பைசா கூட மிஞ்சாது.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அதே குழாயை 63 மில்லிமீட்டர் உள்விட்டத்துக்கு மாற்றினால் 4.3 மீட்டர் இழப்பு 1.4 மீட்டராகிவிடும். மூன்றில் ஒரு பங்கு! ஒரே தடவை செலவு, குழாய் இருக்கும் வரைக்கும் பலன். மலைச்சரிவில் முந்நூறு நானூறு மீட்டர் இழுத்துக்கொண்டு போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான். தேவையில்லாத எல்போக்களை எடுத்துவிட்டு நீள வளைவு பெண்டு போடுங்கள், ஃபுட் வால்வில் பாசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், பாதி மூடிக் கிடக்கும் கேட் வால்வைத் திறந்துவிடுங்கள். எல்போவிலும் வால்வுகளிலும் போகும் இழப்பைப் பெரும்பாலும் எந்தப் பசையாலும் குறைக்க முடியாது.

அப்புறம், கிணறு 25 மீட்டர் ஆழம் என்றால் மோட்டாரின் பெரும்பாலான உழைப்பு தூக்குவதற்கே போகிறது. தூக்குகிற வேலையை எந்தச் சேர்மானமும் குறைக்காது.

சொட்டுநீர்ப் பாசனத்தில் நிச்சயமாகக் கலக்காதீர்கள். லேட்டரல் குழாயில் பசை கிருமிகளுக்குத் தீனியாகி, வழவழவென்று படிந்து டிரிப்பர்களை அடைக்கும்.

யாராவது மோட்டார் லைனுக்கு மூலிகைப் பொடி, கலந்தால் தண்ணீர் இரட்டிப்பு என்று விற்க வந்தால், மேலே உள்ள கணக்கை அவர்களிடமே போடச் சொல்லுங்கள்.

பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைவரம்பு வரை வந்து சேர இது உதவுமா?

உதவாது. இந்த மாவட்டத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் வலி தெரியும். அணை திறந்து நாட்கள் ஆகியும் கடைவரம்புக்கு எட்டிப் பார்க்காத தண்ணீருக்காகக் காத்திருப்பவர்கள் எந்த வழியையும் விசாரிக்கத்தான் செய்வார்கள். அதனால் காரணத்தை விவரமாகவே சொல்கிறேன்.

திறந்த கால்வாயிலும் சுழற்சி ஓட்டம்தான், பாலிமர் அங்கேயும் கொஞ்சம் வேலை செய்யும். ஆனால் அளவைப் பாருங்கள். நொடிக்கு 10,000 லிட்டர் ஓடும் ஒரு கால்வாய்க்கு ஆயிரம் லிட்டருக்கு 50 கிராம் வீதம் கலந்தால் நொடிக்கு அரைக் கிலோ, மணிக்கு 1.8 டன், ஒரு நாளைக்கு 43 டன். அந்தத் தண்ணீரில் மாடு குளிக்கும், மீன் வளரும், வழியில் இருக்கும் குளங்களில் போய் நிற்கும். அவ்வளவு பசையும் அங்கே அழுகினால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், மீன் செத்து மிதக்கும்.

கால்வாயில் தண்ணீர் தாமதமாவதற்கும் குறைவதற்கும் காரணங்கள் வேறு: வண்டல், ஆகாயத்தாமரை, உடைந்த கரை, கசிவு, கழிவு, ஆக்கிரமிப்பு. கரடுமுரடான மண் படுகையில் உராய்வை முடிவு செய்வது கல்லும் செடியும்தான். மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பாருங்கள். 115 அடி உயரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம், எந்த மோட்டாரும் இல்லாமல், சரிவை மட்டும் நம்பித் தண்ணீர் ஓடுகிறது. ஒழுங்கான சரிவும் சுத்தமான கான்கிரீட் தொட்டியும் இருந்தால் போதும், தண்ணீர் தானாகப் போகும். தூர் வாருவதற்கு மாற்று கிடையாது.

குடிநீர்க் குழாயில்? குவாரைத்தான் ஐஸ்கிரீமிலேயே போடுகிறார்களே?

ஆமாம், குவாரும் சாந்தனும் உணவுச் சேர்மானங்கள்தான், ஐஸ்கிரீமிலும் சாஸிலும் இருக்கின்றன. சாப்பிடுகிறவருக்கு அந்த அளவில் கெடுதல் இல்லை. குடிநீர் விநியோகக் குழாயில் பிரச்சினை வேறு. குளோரின் போட்டுக் கிருமியை அடக்கி வைத்திருக்கும் தண்ணீரில் மாவுச்சத்து மாதிரியான பொருளைக் கலந்தால் குளோரின் அதனோடு வினை புரிந்தே தீர்ந்துவிடும், மிஞ்சிய பசையைத் தின்று கிருமி வளரும். குழாயின் உள்சுவரில் படலம் கட்டும். குடிநீரில் வேண்டாம்.

பிறகு எங்கேதான் இது உண்மையில் பயன்பட்டிருக்கிறது?

பெரிய வெற்றி எண்ணெய்க் குழாயில். அலாஸ்கா எண்ணெய்க் குழாய், 48 அங்குல விட்டம், 800 மைல் நீளம். 1977இல் ஓடத் தொடங்கியது. 1979இல் கச்சா எண்ணெயில் செயற்கைப் பாலிமரைச் செலுத்த ஆரம்பித்தார்கள். திட்டமிட்டிருந்த பம்பிங் நிலையங்கள் சிலவற்றைக் கட்டாமலேயே கூடுதல் எண்ணெய் அனுப்ப முடிந்தது. அங்கே ஏன் கட்டுப்படியானது என்று யோசித்தால் நம் தோட்டத்தில் ஏன் ஆகாது என்பதும் புரியும். அந்தக் குழாயை மாற்ற முடியாது, இன்னொரு பம்பிங் நிலையம் கட்டப் பெருஞ்செலவு, உள்ளே ஓடும் பொருளும் விலை உயர்ந்தது. கலக்க வேண்டிய பாலிமரோ பத்து லட்சத்தில் சில பங்குகள் மட்டுமே.

எனக்கு மிகவும் பிடித்தது தீயணைப்பு. நியூயார்க் நகரில் 1960களின் கடைசியில் தீயணைப்பு வண்டித் தண்ணீரில் பாலிஎதிலீன் ஆக்சைடு என்ற செயற்கைப் பாலிமரைக் கலந்து சோதித்தார்கள். 1¾ அங்குல ஹோஸில், 2½ அங்குல ஹோஸ் தரும் அளவை நெருங்கித் தண்ணீர் கிடைத்தது. தண்ணீர் நிறைந்த 2½ அங்குல ஹோஸைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று தீயணைப்பு வீரர்களைக் கேட்டால் சொல்வார்கள். கோட்டாறு மாதிரி நெருக்கமான கடைவீதிகளில், வண்டி நுழையாத சந்துக்குள் ஹோஸை இழுத்துப் போக வேண்டிய இடங்களில் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு உதவும்! தேவைப்படுவது சில நிமிடங்களுக்கு மட்டும், ஆகும் பொருளும் கொஞ்சம், காப்பாற்றுவது உயிரை. பொடியாக வைத்து அவ்வப்போது கரைக்கும் இயற்கைப் பாலிமரை இந்தப் பக்கம் ஆராய்வது வீண்போகாது என்பது என் எண்ணம். குவார் நீர் உறிஞ்சி முழுதாகக் கரைய நேரம் பிடிக்கும் என்பதுதான் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல்.

மழைநீர்ச் சாக்கடைகளிலும் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஆர். எச். ஜே. செல்லின் 1970களில் கனமழையின்போது மட்டும் பாலிமரைச் செலுத்திக் குழாயின் கொள்ளளவைக் கூட்டும் ஏற்பாட்டைச் சோதித்தார். ஆண்டில் சில மணி நேரம் மட்டும் தேவைப்படும் இடம் என்பதால் யோசனையில் அர்த்தம் இருக்கிறது.

பெரிய கட்டடங்களின் ஏசி குளிர்நீர்ச் சுற்றிலும் இது பயன்படுகிறது. ஆனால் அங்கே பாலிமர் அல்ல, சோப்பு வகைச் சேர்மானங்கள். காரணம் அடுத்த கேள்வியில்.

ஒரு தடவை கலந்தால் எவ்வளவு நேரம் தாங்கும்?

இயற்கைப் பசைகளின் பெரிய பலவீனம் இங்கேதான். இரண்டு எதிரிகள். ஒன்று பம்பு. அதற்குள் வேகமாகச் சுழலும் இம்பெல்லருக்குள் நுழையும் நீளச் சங்கிலி நடுவில் அறுந்துபோகும். பாதி நீளச் சங்கிலிக்குப் பலன் பாதிக்கும் கீழே. அதனால் பாலிமரை எப்போதும் பம்பைத் தாண்டிய பிறகே செலுத்துவார்கள். ஒரே தண்ணீர் திரும்பத் திரும்பப் பம்புக்குள் போகும் மூடிய சுற்றில் பாலிமர் சீக்கிரமே ஓய்ந்துவிடும். சோப்பு வகை மூலக்கூறுகள் தாமாகவே கூடிப் புழு மாதிரியான நீள அமைப்புகளை உண்டாக்கும். பம்பில் சிதைந்தாலும் வெளியே வந்ததும் மறுபடி கூடிக்கொள்ளும். ஏசி சுற்றுக்கு அவை பொருந்துவது அதனால்தான். உராய்வு குறையும்போது வெப்பம் கடத்துவதும் குறையும் என்பதால் அங்கேயும் வெப்பமாற்றிகளைக் கவனித்து அமைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது எதிரி கிருமி. நம் ஊர் வெக்கையில் வெண்டைக்காய்க் கரைசல் இரண்டு நாளில் நாறத் தொடங்கும். நாற்றம் வருவதற்கு முன்பே சங்கிலிகளைக் கிருமிகள் வெட்ட ஆரம்பித்திருக்கும். ஆய்வகத்தில் கெடாமல் இருக்க ஏதாவது சேர்ப்பார்கள். ஆனால் மக்கிப்போவதுதானே இயற்கைப் பொருளின் நன்மை என்று இதைத் தேடி வந்தோம்? எந்த வேலைக்கு எத்தனை நேரம் தாங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் பொருளைத் தேர்ந்தெடுப்பதே சரி.

மீனின் வழுவழுப்பும் இதுதான் என்கிறார்களே, உண்மையா?

ஒரு பகுதி உண்மை. 1971இல் ரோசன், கார்ன்ஃபோர்டு என்ற இருவர் பல மீன்களின் மேல்கோழையை எடுத்துத் தண்ணீரில் கலந்து குழாயில் ஓட்டிப் பார்த்தார்கள். நம் கடற்கரையில் ஊளி என்று ஏலம் போகும் மீனின் இனத்தைச் சேர்ந்த பசிபிக் பாரகுடாவின் கோழை, உராய்வை மூன்றில் இரண்டு பங்கு வரை குறைத்தது. பாய்ந்து இரை பிடிக்கும் மீன் அது. நீந்தும் மீனுக்கு அந்தக் கோழை அதே அளவு உதவுகிறது என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. கோழைக்கு நோய் தடுப்பது உட்பட வேறு வேலைகளும் இருக்கின்றன.

கடல்பாசிகளும் இதே ரகம். 1965இல் ஹாய்ட், சோலி இருவரும் பாசி வளர்த்த நீரில் உராய்வு குறைவதைக் கண்டார்கள். பாசி தண்ணீரில் கசிய விடும் பாலிசாக்கரைடுகள் (சர்க்கரை அலகுகளாலான சங்கிலிகள்) தான் காரணம். முட்டம், கடியபட்டினம் பாறைகளில் ஒதுங்கும் பழுப்புப் பாசியில் அல்ஜினேட் உண்டு, சிவப்புப் பாசி இனங்களில் அகாரும் கராஜீனனும் உண்டு. கடற்கரை ஊர் மாணவர்களுக்கு இதைவிட நல்ல ப்ராஜெக்ட் தலைப்பு கிடைப்பது கஷ்டம். கரையில் ஒதுங்கியதை எடுங்கள், பாறையிலிருந்து பிய்க்காதீர்கள்.

மருத்துவத்தில் ஏதாவது பயன் உண்டா?

ஆராய்ச்சி அளவில் உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கற்றாழையிலிருந்து பிரித்த பாலிமரை, ரத்தம் இழந்த எலிகளுக்கு மிகச் சிறிய அளவில் செலுத்தி அவை பிழைக்க உதவுகிறதா என்று பார்த்தார்கள், பலன் தெரிந்தது. அதற்காகக் கற்றாழைச் சாறு குடித்தால் ரத்த ஓட்டம் சீராகும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குடிப்பது ஜீரணமாகிவிடும், ரத்தத்தில் அந்தச் சங்கிலியாகப் போய்ச் சேராது.

பள்ளியிலேயே செய்து பார்க்க வழி உண்டா?

உண்டு. கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப் ஐந்து மீட்டர் வாங்குங்கள், உள்விட்டம் 8 மில்லிமீட்டர் இருக்கட்டும். 20 லிட்டர் வாளி ஒன்றை உயரமான மேசையில் வைத்து, வெளியே மேலே ஒரு கோடு, அதிலிருந்து சரியாகப் பத்து லிட்டர் இறங்கும் இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். டியூபின் ஒரு முனை வாளியின் அடியில், மறுமுனை கீழே. வாளியின் நீர்மட்டம் வெளிமுனையைவிடச் சராசரியாக 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். டியூபைச் சுருட்டாமல் அகலமாக வளைத்து விடுங்கள். வாயால் உறிஞ்சாமல், டியூபில் தண்ணீர் நிரப்பி விரலால் மூடி இறக்கி ஓட்டத்தைத் தொடங்குங்கள். மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு வர எவ்வளவு நேரம் என்று குறியுங்கள்.

வெறும் தண்ணீருக்குக் கணக்குப்படி 2 நிமிடம் 45 நொடி அளவில் வர வேண்டும். ரெனால்டு எண் சுமார் 12,000, நல்ல சுழற்சி ஓட்டம். மூன்று முறை ஓட்டி, நேரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போன பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

இனி வெண்டைக்காய். முற்றாத நாலைந்து காயைக் கீறி ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள். மிக்ஸியில் அடிக்காதீர்கள், சங்கிலி அறுந்துவிடும். காலையில் மல் துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். விதையோ நாரோ ஒன்று போனாலும் அளவு கெடும். அதை வாளித் தண்ணீரில் கையால் மெதுவாகக் கலந்து மறுபடி ஓட்டுங்கள்.

எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். உராய்வு 30 சதவீதம் குறைந்தால் நேரம் 30 சதவீதம் குறையாது. 2 நிமிடம் 45 நொடி என்பது 2 நிமிடம் 20 நொடியாகும், அவ்வளவுதான். ஸ்டாப்வாட்சில் 25 நொடி வித்தியாசம் தெளிவாகவே தெரியும்.

பிறகுதான் சுவாரசியம். பசையை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டம் வரை நேரம் குறையும், அப்புறம் ஏறத் தொடங்கும். தண்ணீரைவிட ஐந்தாறு மடங்கு கெட்டியாகிவிட்டால் ஓட்டம் வரிச்சீராக மாறி, பசை வெறும் சுமையாகிவிடும். இந்தத் திருப்பத்தை வரைபடத்தில் காட்டுகிற மாணவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது என்று நடுவர் தைரியமாக மதிப்பெண் போடலாம். அதே கரைசலை மிக்ஸியில் ஒரு நிமிடம் அடித்து மறுபடி ஓட்டினால் சங்கிலி அறுவதையும் அளந்துவிடலாம். மறுநாள் வைத்து ஓட்டினால் கிருமியின் வேலையும் தெரியும். அறை வெப்பநிலையைக் குறிக்க மறக்காதீர்கள். மதியத் தண்ணீர் காலைத் தண்ணீரைவிடச் சற்று வேகமாக ஓடும், அதைப் பசையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

சோதனை முடிந்த கரைசலை என்ன செய்வது?

வெண்டைக்காய், செம்பருத்தி, குவார் எதுவானாலும் தென்னை மூட்டில் ஊற்றிவிடலாம், மண்ணில் மக்கிவிடும். கிணற்றுக்குப் பக்கத்திலோ குளத்திலோ கொட்ட வேண்டாம். டியூபை உடனே வெந்நீர் விட்டுக் கழுவித் தொங்கவிடுங்கள். காய்ந்த படலம் உள்ளே இருந்தால் அடுத்த முறை வெறும் தண்ணீரின் நேரமே தப்பாக வரும்.